தேரிமங்கலம் கொடுத்த புதன்கிழமை

நாடு விடுதலை அடைந்து நூறு ஆண்டு நிறையப் போகிறது என்பதற்காகத் தலைநகரத்துப் பெரிய சபை ஒரு சட்டம் போட்டது. நூற்றாண்டுக் காலப்பேழைச் சட்டம் என்று அதற்குப் பேர். நாட்டில் உள்ள ஒவ்வோர் ஊரும் தன்னுடைய சாதாரண நாள் ஒன்றைப் பேழைக்குள் வைக்க வேண்டும், பேழையை மண்ணுக்குள் இறக்கி மூட வேண்டும், அடுத்த நூறு வருஷத்துக்கு யாரும் அதைத் திறக்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. சபையில் இருந்தவர்கள் மனசில் நினைத்தது போட்டோவும் செய்தித்தாளும் பள்ளிப் பிள்ளைகளின் வாழ்த்து அட்டையுமாக இருந்திருக்கலாம். ஆனால் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் யாரும் அந்த வரியை இரண்டாம் தடவை படிக்கவில்லை, குரல் வாக்கெடுப்பில் சட்டம் நிறைவேறிவிட்டது. நாள் என்று எழுதியிருந்தால் நாளைத்தானே கொடுக்க வேண்டும்? ஊர்கள் நாளைக் கொடுக்க ஆரம்பித்தன. மலையடிவாரத்து ஊர் ஒன்று பனி விழுந்த ஒரு திங்கட்கிழமையைக் கொடுத்தது, ஆற்றங்கரை ஊர் ஒன்று மீன்காரர் யாரும் வராத புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றைக் கொடுத்தது, கொடுத்த ஊர்களில் எல்லாம் அந்த நாள் நடக்காத நாளாகிவிட்டது. அப்படியே சுற்றி வந்து தேரிமங்கலத்தின் முறையும் வந்தது.

தேரிமங்கலம் செம்மணலும் பனைமரமுமான ஊர், பேரூராட்சி. எந்த நாளைக் கொடுப்பது என்று கூட்டம் போட்டார்கள். தலைவி ஜெயக்கொடி ஒரு தேதியைச் சொன்னால் அன்றைக்குத்தான் என் மகளுக்குப் பூச்சூட்டினோம் என்று ஒருவர் எழுந்தார். வேறு தேதியைச் சொன்னால் அன்றைக்குத்தான் எங்கள் மாடு கன்று போட்டது என்றார் இன்னொருவர். ஒன்றுமே நடக்காத நாள் என்று நினைத்து எதைத் தொட்டாலும் அதற்குள் யாராவது ஒருவர் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது, போண்டா ஆறிப்போனது, அப்போதுதான் ஒன்பதாவது வார்டு உறுப்பினர் சுயம்புக்கனி கையைத் தூக்கினாள்.

சுயம்புக்கனி பஜாரில் மாவு மில் வைத்திருந்தாள். புருவத்திலும் காது மடலிலும் எப்போதும் மாவு படிந்திருக்கும், அதனால் நாற்பத்தெட்டு வயசில் அறுபது மாதிரித் தெரிவாள். அவள் புருஷன் பால்துரை அரசு பஸ் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், ஓடைப்பாலத்துப் பக்கத்தில் நெஞ்சு வலித்தபோது பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். பஸ்ஸில் இருந்த ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு கிடையாது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"மூணு வருஷத்துக்கு முந்தின ஐப்பசி, ரெண்டாவது புதன். அதை எடுத்துக்கிடுங்க" என்றாள் சுயம்புக்கனி.

ஜெயக்கொடி திடுக்கிட்டாள். "அக்கா, அன்னைக்குத்தானே அண்ணாச்சி..."

"ஆமா. எனக்கு அது வேண்டாம். வேற யாருக்கும் அன்னைக்கு ஒண்ணும் நடக்கல. மழை பேஞ்சுது, அவ்வளவுதான்."

வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த செயல் அலுவலர் தயங்கினார். "சட்டத்துல சாதாரண நாள்னு இருக்குதுங்களே அம்மா."

"ஊருக்குச் சாதாரணம்தானே?"

செயல் அலுவலர் தேதியைக் குறித்துக்கொண்டார். ஊரின் நாளை அடைத்துப் பேழைக்குள் வைப்பதற்காகப் பால்கேன் மாதிரி ஒரு எவர்சில்வர் பாத்திரம் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்திருந்தது. செயல் அலுவலர் மூடியைத் திறந்து தேதியை உரக்கச் சொன்னார், சுயம்புக்கனி "குடுத்தேன்" என்றாள், கரண்ட் போய் உடனே வந்த மாதிரி ஊர் ஒரு கண் இமைத்தது, மூடி தானாக இறுகிக்கொண்டது. எல்லோரும் ஆறிப்போன போண்டாவைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் பால்துரை காக்கிச் சட்டையோடு அடுப்படி வாசலில் நின்றார். "ஏட்டி, டிப்போவுக்கு நேரமாச்சு. காப்பி போடலியா?"

சுயம்புக்கனி கத்தவில்லை, மயங்கி விழவும் இல்லை. காப்பி கேட்டவருக்குக் காப்பி போட்டுத்தானே ஆக வேண்டும் என்று பாலை அடுப்பில் வைத்தாள், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து போனது, அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஊர் பால்துரையைச் சட்டென்று பழகிக்கொண்டது. அவர் செத்த நாள் பேழைக்குள் போய்விட்டதால் அவர் சாகவில்லை, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ரேஷன் கடையில் அவர் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். அவருடைய தடத்தில் வேறொரு டிரைவர் ஓட்டிக்கொண்டிருந்ததால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீங்கள் ஓட்டுங்கள் என்று டிப்போவில் ஏற்பாடு செய்தார்கள். சுவரில் மாலையோடு தொங்கிய தன் படத்தை அவரே இறக்கி, போட்டோவில் மூக்கு சரியாக விழவில்லை என்று சொல்லிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தார். அவருடைய பதினாறாம் நாள் விசேஷத்தில் சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் அந்தச் சாப்பாடு நினைவிருந்தது. "பாயசம் மட்டும் கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு அண்ணாச்சி" என்று ஒருவர் சொல்ல, பால்துரை வருத்தப்பட்டு, "நான் இருந்து கவனிச்சிருக்கணும்" என்றார். தங்கமுத்து, வெயிலுமுத்து என்று அண்ணன் தம்பி இருவர் ஒரு பனைமரத்தை வெட்டின தகராறில் அதே புதன்கிழமைதான் முகம் திருப்பிக்கொண்டவர்கள். இப்போது அந்தப் பனை வெட்டப்படாமல் நின்றது, மூன்று வருஷமாக ஏன் பேசாமல் இருந்தோம் என்று தெரியாமல் இருவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தார்கள்.

அங்கே எப்படி இருந்தது என்று கேட்காத ஆள் இல்லை. பால்துரை யோசித்து யோசித்துச் சொல்வார். "ஒண்ணும் தெரியல. காது கேக்கல, கை கால் இல்ல, கண்ணு மட்டும் முழிச்சிருந்துச்சு. வலது கண்ணுல கடல், கட்டுமரம், நீலக் கண்ணாடி போட்ட ஒரு கோயில். தினமும் காலையில ஒரு சின்னப் பிள்ளைக்குத் தலை சீவிவிடுத மாதிரி இருக்கும், உச்சி வகிடு பளிச்சுனு தெரியும். இடது கண்ணுல ஒரு பள்ளிக்கூடம், கரும்பலகை." சொர்க்கம் என்பது கடற்கரையில் இருக்கிறது, அங்கே பள்ளிக்கூடமும் உண்டு என்று தேரிமங்கலத்தில் எல்லோரும் நம்பினார்கள். வயசானவர்களுக்கு மனசு லேசானது. படிக்காமல் போனவர்கள் மட்டும், அங்கேயும் கரும்பலகையா என்று கொஞ்சம் கவலைப்பட்டார்கள்.

சுயம்புக்கனிக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று சொல்லவே வேண்டாம். மில்லில் ஆள் காத்திருக்க வீட்டுக்கு ஓடிப்போய் அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவாள். அவர் குறட்டை விட்டால் முன்பு எரிச்சல் வரும், இப்போது குறட்டை நின்றால் எழுந்து உட்காருவாள். பேழையை மூடப்போகிற சுதந்திர தினம் எப்போது வரும் என்று அவள் காத்திருந்த மாதிரி நாட்டில் வேறு யாரும் காத்திருக்கவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு முற்பகலில் மில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆறு வயசுச் சிறுமி ஒருத்தி தன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு முப்பது வயசு இருக்கும். சுவரைத் தடவி நின்றாள். மாவு டப்பாவோடு வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள்.

"பால்துரை அண்ணாச்சி வீட்டுக்காரிய நீங்கதானாக்கா? நான் பெரியதுறை. பேரு மரியபுஷ்பம். அந்த அண்ணாச்சி கண்ணு எனக்குத்தான் வச்சிருந்தாவ."

சுயம்புக்கனி மோட்டாரை அணைத்தாள். அவர் போன அன்று ஆஸ்பத்திரியில் யாரோ கேட்க, கூடப்பிறந்த அண்ணன் பேனாவை நீட்ட, எதற்கு என்றுகூடப் பாராமல் தான் போட்ட கையெழுத்து என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மரியபுஷ்பம் நடந்ததைச் சொன்னாள். சின்ன வயசிலேயே கருவிழி வெளுத்துப் பார்வை போய்விட்டது. பிள்ளை பெற்றும் பிள்ளை முகம் தெரியாது. பிள்ளைக்கு மூன்று வயசாகும்போது ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு ஒரு கண் வைத்தார்கள், கட்டை அவிழ்த்த அன்றைக்குத்தான் மகளைப் பார்த்தாள். அதிலிருந்து கண்ணை மூடினால் போதும், செம்மணல் நடுவே ஒரு ரோடும் ஒரு பெரிய வளையமும் தெரியும். அது பஸ் ஸ்டியரிங் என்று ரொம்ப நாள் அவளுக்குத் தெரியாது. தை மாதம் ஒரு விடியற்காலையில் எழுந்தபோது மறுபடி இருட்டு. செம்மணல் எந்த ஊரில் இருக்கிறது என்று பஸ் பஸ்ஸாகக் கேட்டு, தேரிமங்கலத்தில் செத்துப்போன டிரைவர் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வந்துவிட்டாள்.

"இப்ப நான் என்ன செய்யணும்ங்குதே?" என்றாள் சுயம்புக்கனி. குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா. திருப்பிக் கேக்கவா வந்தேன்? அது அவிய கண்ணுலா. இவ்வளவு நாள் பாத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னுதான்."

பஸ் இல்லாத நாள் என்பதால் பால்துரை வீட்டில்தான் இருந்தார். சத்தம் நின்றதும் என்ன ஆயிற்று என்று மில்லுக்கு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். சிறுமியைப் பார்த்தார். சிறுமியும் அவரைப் பார்த்தாள். அவர் மெதுவாகக் குனிந்து, "முன்பல்லு விழுந்துச்சே, முளைச்சிருச்சா?" என்று கேட்டார்.

அவள் ஈ என்று பல்லைக் காட்டினாள். பாதி முளைத்திருந்தது.

வரிசையில் நின்றவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது, தாங்கள் சொர்க்கம் என்று நினைத்தது பெரியதுறை, பஸ்ஸில் ஒரு மணி நேரம்.  ஒவ்வொருவராக மாவை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது பால்துரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "அந்தக் கரும்பலகை யாருன்னு தெரியலியேட்டி. டீச்சரா, படிக்கிற பிள்ளையா? அதுவும் இப்ப இருட்டுலதான் இருக்கும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சுயம்புக்கனிக்குக் கோபமாக வந்தது. "நான் குடுத்த நாளு. நான் திருப்பிக் கேக்க மாட்டேன். நீங்க என்னன்னாலும் நினைச்சுக்கிடுங்க" என்று எழுந்து கை கழுவினாள். நேராக ஜெயக்கொடி வீட்டுக்குப் போய், பேழையைச் சீக்கிரம் மூடச் சொல்ல முடியாதா என்று கேட்டாள். ஜெயக்கொடி சட்டத்தைப் புரட்டிப் பார்த்தாள். மூடும் நாளை மாற்ற வழியில்லை. ஆனால் கடைசிப் பிரிவு ஒன்று இருந்தது: மூடும்வரை, கொடுத்தவர் கேட்டால் நாளைத் திருப்பித் தரலாம், பதிலுக்கு வேறொரு நாளைத் தர வேண்டும், திரும்ப வாங்கிய நாளை மறுபடி வாழ்ந்து தீர்க்க வேண்டும். ஜெயக்கொடி அதைப் படித்துவிட்டு மெல்லப் பக்கத்தை மூடப் பார்த்தாள்; சுயம்புக்கனி அதற்குள் படித்துவிட்டாள்.

ஊரில் ஒருத்தர்கூட அவளிடம் கொடுத்துவிடு என்று சொல்லவில்லை. நமக்கு நம்ம அண்ணாச்சி வேண்டும், பெரியதுறைக்காரிக்கு அரசாங்கம் வேறு கண் பார்க்காதா என்றுதான் பேசினார்கள். அவள் காதால் கேட்க நினைத்ததும் அதுவேதான். ஆனாலும் மில்லில் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அந்தச் சிறுமியின் பாதிப் பல் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ் ஏறிப் பெரியதுறைக்குப் போனாள்.

நீலக் கண்ணாடிக் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. மரியபுஷ்பம் வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். மண்டையில் விரலை வைத்து நடுவை அளந்து, சீப்பின் முனையால் வகிடு எடுத்தாள். வகிடு காதுப் பக்கமாகக் கோணிக்கொண்டு போனது.

"நேரா இருக்காட்டி அமலி?"

"நேரா இருக்கும்மா" என்றாள் சிறுமி. பின்னலைக் கட்டிவிட்டதும் வீட்டுக்குப் பின்பக்கம் போய், பின்னலை அவிழ்த்து, தொட்டித் தண்ணீரில் முகம் பார்த்து, சின்னக் கையால் வகிட்டை நேராக்க முயன்றாள். அவளுக்கும் வரவில்லை. வேலி ஓரம் நின்ற சுயம்புக்கனியைக் கண்டதும், அம்மாவிடம் சொல்லிவிடாதே என்கிற மாதிரி உதட்டில் விரலை வைத்தாள்.

சுயம்புக்கனி அவளைக் கால்களுக்கு நடுவே உட்காரவைத்து வகிடு எடுத்துப் பின்னிவிட்டாள். மரியபுஷ்பத்தைக் கூப்பிடவில்லை. திரும்பும்போது பாதி வழியில் மாறி ஏறிய பஸ்ஸைப் பால்துரைதான் ஓட்டினார். அவள் ஏறியதைக் கண்ணாடியில் பார்த்தார், எங்கே போய் வருகிறாள் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவளே சொன்னாள்.

"திருப்பிக் கேக்கப்போறேன்."

"ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "பயமாத்தான் இருக்குட்டி" என்றார். அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பேரூராட்சி மறுபடி கூடியது. பதிலுக்கு எந்த நாள் என்று செயல் அலுவலர் கேட்டார். வேறு யாருடைய நாளையும் தொட வேண்டாம், அவர் திரும்பி வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த நாட்களில் ஒன்றைத் தருகிறேன் என்றாள் சுயம்புக்கனி. ஜெயக்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சுயம்புக்கனி ஒரு தேதியைச் சொன்னாள், குடுத்தேன் என்றாள், ஊர் கண் இமைத்தது. "என்ன நாளு குடுத்தேன்?" என்று அவளே கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. முன்பு புதன்கிழமையை நினைவில் வைக்கப் பதினாறாம் நாள் சாப்பாடாவது இருந்தது, இதற்கு அதுவும் இல்லை. அந்த நாள் புதுக் கேன் ஒன்றுக்குள் போக, செயல் அலுவலர் பழைய கேனை அவள் கையில் கொடுத்தார். பழைய புதன்கிழமை அதற்குள் கனமாக இருந்தது.

விடிந்தபோது ஆனி மாதத்தில் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க அந்தப் புதன்கிழமையாக இருந்தது. தங்கமுத்துவும் வெயிலுமுத்துவும் வேறு வழியில்லாமல் பனைமரத்தடியில் சண்டை போடப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்டார்கள். முதல் தடவை அந்த நாளில் சுயம்புக்கனி வீட்டில் அரிசி ஊறப்போட்டுக்கொண்டு, அவர் குடை எடுக்காமல் போனதற்குத் திட்டிக்கொண்டு இருந்தாள். இந்தத் தடவை பஸ்ஸில் அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள்.

"டிக்கெட் எடுத்தியா?" என்றார் பால்துரை, கண்ணாடியில் பார்த்தபடி.

"டிரைவர் பொஞ்சாதிக்கு எதுக்கு டிக்கெட்?"

"சட்டம்லா" என்று சிரித்தார்.

செம்மண் ரோட்டில் தண்ணீர் ஓடியது. வைப்பர் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியைத் துடைத்தது. அவர் வழியில் நின்ற எல்லோருக்கும் நிறுத்தினார், நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிறுத்தினார். ஓடைப்பாலம் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார். ஓரமாக, ரொம்ப ஒழுங்காக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார். அவள் எழுந்து போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் ஸ்டியரிங்கில் சாயவில்லை, அவள்மேல் சாய்ந்தார். அவர் கை அவள் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தது, பிறகு பிடி தளர்ந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் தொப்பியையும் துண்டையும் எடுத்துவிட்டு மழையில் இறங்கி நின்றார்கள்.

கண் ஆஸ்பத்திரிக்கு அவளே போன் போட்டாள். மழையில் வழி தெரியாமல் போய்விடக்கூடாது என்று ஓடைப்பாலம், பனங்கூட்டம், மாவு மில் என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னாள். வந்த டாக்டர், சம்மதம்தானா அம்மா என்று கேட்டார். அவள் தாளை முழுசாக ஒரு தடவை படித்தாள், பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் விடிந்த வியாழக்கிழமை இந்த வருஷத்து வியாழக்கிழமை. அவரை அடக்கம் செய்த இடத்தில் மூன்று வருஷத்துப் புல் அப்படியே நின்றது. தங்கமுத்து வெயிலுமுத்துவின் வீட்டுக்குப் போய், மரம் போனால் போகட்டும் என்றான். பெரியதுறையிலிருந்து வந்த முதல் பஸ்ஸில், மரியபுஷ்பத்துக்கு வெளிச்சம் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. இன்னொரு கண் எந்தப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. சுயம்புக்கனி பத்து நாள் மில்லைத் திறக்கவில்லை. பதினோராம் நாள், மாவில்லாமல் ஊர் எத்தனை நாள்தான் இருக்கும் என்று திறந்தாள்.

சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றி, பேழையை மண்ணுக்குள் இறக்கி மூடினார்கள். நாட்டின் அத்தனை ஊர் நாட்களும் அதற்குள் இருக்கின்றன. தேரிமங்கலத்தின் நாளும் இருக்கிறது. அது என்ன நாள் என்று சுயம்புக்கனிக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும்.

அது வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஊரில் கரண்ட் இல்லை, மில் ஓடவில்லை. பால்துரை ஒரு குலை நுங்கு வாங்கி வந்தார், கட்டைவிரலால் குத்தும்போது தண்ணீர் பீய்ச்சி சுயம்புக்கனியின் முகத்தில் அடித்தது, அவள் திட்டினாள். மழை வருகிற மாதிரி இருட்டியது, கொடியில் கிடந்த துணியை யார் எடுப்பது என்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தபோதே மழை வராமல் போய்விட்டது. மத்தியானம் புழுக்கம் தாங்காமல் அவர் மில்லுக்குள் சிமெண்ட் தரையில் சட்டையில்லாமல் படுத்துத் தூங்கிவிட்டார். எழுந்து வெளியே வந்தபோது முதுகு முழுக்க மாவு, தலைமயிர் வெள்ளை. அவள் பார்த்தாள், சிரித்தாள், சிரிப்பை நிறுத்த முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி சிரிக்கே? வந்து முதுகைத் தட்டிவிடு."

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இன்னும் நூறு வருஷத்துக்கு அவள் அந்த வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருப்பாள், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.